உண்ணிச்செடி போகட்டும், புல் வளரட்டும்



வேலியோரம் ஒரு செடி பூக்கும். பூ மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். தண்டில் சிறு முள் இருக்கும். இலையைக் கசக்கினால் நெடி அடிக்கும். அதுதான் உண்ணிச்செடி.

இது நம் நாட்டுச் செடி அல்ல. தென் அமெரிக்கப் பக்கத்துச் செடி. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர் இதை அழகுக்காகக் கொண்டு வந்தார்கள். தோட்டத்தில் வைத்தார்கள். அது காட்டுக்குள் போய்விட்டது.

எப்படிப் போனது? பறவைகள் இதன் பழத்தைத் தின்கின்றன. போகும் இடமெல்லாம் விதையைப் போடுகின்றன. செடி புதராகிறது. புதருக்கு அடியில் வெயில் விழாது. புல் முளைக்காது. மரக்கன்றும் எழாது.

புல் இல்லாவிட்டால் மான் எங்கே மேயும்? மான் இல்லாவிட்டால் புலி எதைத் தின்னும்? பசித்த விலங்கு ஊரைத் தேடி வரும். நம் மாடுகளுக்கும் மேய்ச்சல் குறையும். உண்ணி இலையைத் தின்ற மாட்டுக்குக் கண் மஞ்சளாகும். வெயில் பட்டால் தோல் வெடிக்கும். மாடு செத்தும் போகலாம்.

வெட்டினால் போகாதா? போகாது. வெட்டிய இடத்தில் மறுபடி தளிர்க்கும். தீ வைத்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும்.

உத்தராகண்டில் கார்பெட் புலிகள் காப்பகம் இருக்கிறது. 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அங்கேதான் உண்டானது. அந்தக் காட்டிலும் உண்ணி பரவியது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு வழி சொன்னார்கள்.

முதலில், மண்ணுக்குள் சுமார் மூன்று விரல் ஆழத்தில் ஆணிவேரை வெட்ட வேண்டும். அதற்கு மேலேதான் தளிர் விடும் பகுதி இருக்கிறது. அடுத்து, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். வேர் மண்ணைத் தொடக் கூடாது. அப்படியே காய்ந்துவிடும்.

வேலை அதோடு முடியாது. பறவை உட்காரும் மரத்தடியில் மழைக்குப் பின் புதுக் கன்றுகள் முளைக்கும். அவற்றைக் கையால் பிடுங்க வேண்டும். வெறும் மண்ணில் உள்ளூர்ப் புல் விதையைத் தூவ வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு களை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கார்பெட்டில் இப்படிச் செய்த இடங்களில் புல்வெளி திரும்பியது. மான்கள் மேய வந்தன.

கர்நாடகத்தில் மாதேஸ்வரன் மலை மக்கள் உண்ணித் தண்டை வேகவைத்து, பட்டையை உரிக்கிறார்கள். அதில் நாற்காலி, கூடை செய்து விற்கிறார்கள். களையும் குறைகிறது, கூலியும் கிடைக்கிறது.

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி பெற்றே இந்த வேலை செய்ய வேண்டும். ஆனால் நம் மேய்ச்சல் நிலம் நம் கையில்தான் இருக்கிறது. ஊர் கூடினால் ஒரு நாளில் எத்தனை புதரைக் கவிழ்க்கலாம்? கிராம சபையில் பேசிப் பாருங்கள்.