அசோலா: தொட்டியிலும் வயலிலும்

கறவை மாடு வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு புண்ணாக்கு விலைக்கு வந்து நிற்கும். "அசோலா போடுங்க, புண்ணாக்கே வேண்டாம்" என்று ஒருவர் சொல்வார். அசோலா நல்ல பொருள்தான். ஆனால் இப்படிப் புகழ்வது அதற்கே கெடுதல். நம்பிப் போட்டவர் பால் குறைந்ததும் தொட்டியையே மூடிவிடுவார்.

அசோலா, தேங்கிய நன்னீரில் மிதக்கும் சின்னப் பெரணி. கம்மல் பாசி, மூக்குத்திப் பாசி என்றும் சொல்கிறோம். பூக்காது, காய்க்காது, பெரும்பாலும் உடைந்து உடைந்தே பெருகும். நீர் வசதியாக இருந்தால் நாலைந்து நாளில் இருமடங்காகும். இந்த வேகத்தின் காரணம் இலைக்குள் இருக்கிறது. இலையின் மேல்மடலில் ஒரு நுண்ணிய குழிவு; அதற்குள் ஒரு நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருவது அதுதான். எப்போதாவது நுண்வித்து உண்டாகும்போது அசோலா இந்தப் பாசியையும் சேர்த்தே அடுத்த தலைமுறைக்கு அனுப்புகிறது. பல கோடி ஆண்டு உறவு; இன்று அந்தப் பாசியால் செடியை விட்டுத் தனியே வாழ முடியாது. உரத் தொழிற்சாலை பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் செய்கிற வேலையை, நம் கொல்லைத் தொட்டியில் வெயிலை வைத்தே இவை இரண்டும் முடித்துவிடுகின்றன. நினைக்க நினைக்க வியப்பு அடங்குவதில்லை.

இனிக் கணக்கு. காய்ந்த அசோலாவில் ஏறக்குறையக் கால் பங்கு புரதம். இதை எல்லோரும் சொல்கிறார்கள். பச்சை அசோலாவில் 100க்கு 93 பங்குக்கு மேல் தண்ணீர் என்பதை விட்டுவிடுகிறார்கள். ஒரு கிலோவை உலர்த்தினால் 60 கிராம் தேறும். அதில் புரதம் சுமார் 15 கிராம். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கிலோ சுமார் 400 கிராம். ஆக, மாட்டுக்கு தினம் இரண்டு கிலோ அசோலா போட்டால் ஒரு கைப்பிடிப் புண்ணாக்கு மிச்சமாகும். தாது உப்புகளும் கிடைக்கும். பெரிய செலவில்லாமல் வருவதால் அதுவும் லாபமே. கொல்லையில் பத்துக் கோழி வளர்ப்பவருக்கு இன்னும் பொருத்தம்.

தொட்டி அமைக்க, ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் குழியெடுத்து சில்பாலின் தார்ப்பாய் விரியுங்கள். சலித்த மண், சாணிக் கரைசல், 30 கிராம் சூப்பர் பாஸ்பேட், பத்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும். தழைச்சத்தை அதுவே தேடிக்கொள்ளும். மணிச்சத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். அது குறைந்தாலும், வெயில் கடுத்தாலும் செடி சிவக்கும். தினமும் அள்ளாவிட்டால் நெரிசலில் அழுகும். அள்ளியதை நன்றாக அலசிப் போடுங்கள். சாணி வாடை இருந்தால் மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

என்னைக் கேட்டால் அசோலாவின் உண்மையான இடம் நெல் வயல். வடக்கு வியட்நாமிலும் தென் சீனத்திலும் உழவர்கள் நெல்லோடு இதைப் பல தலைமுறைகளாக வளர்த்திருக்கிறார்கள். வியட்நாமின் தாய் பின் மாகாணத்தில், கோடையில் அசோலாவைச் சாகாமல் காக்கும் கலை சில கிராமங்களுக்கே தெரிந்திருந்தது; விதை அசோலாவை மற்ற ஊர்கள் அங்கேதான் வாங்கின. நமக்கும் சிக்கல் அதேதான். கத்திரி வெயிலில் நிழல்வலைக்குக் கீழே கொஞ்சம் காப்பாற்றி வைத்தால்தான் அடுத்த நடவுக்கு விதை இருக்கும். நட்ட ஒரு வாரத்தில் ஏக்கருக்கு 200 கிலோ தூவுங்கள். வயலைப் போர்த்திக்கொண்டு களையையும் அடக்கும். கோனோவீடர் களைக்கருவியை ஓட்டும்போது சேற்றில் அமுங்கி, மட்கிப் பயிருக்கு உரமாகும். ஹெக்டேருக்கு 30 கிலோ அளவுக்குத் தழைச்சத்து இப்படிக் கிடைக்கும். மாட்டுத் தொட்டியில் மிச்சமாகும் கைப்பிடிப் புண்ணாக்கை விட இது பெரிது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மிஞ்சிய அசோலாவை ஏரியிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் அமெரிக்க அசோலா இனம் ஒன்று நீர்நிலைகளை மூடி, கால்நடைகள் தண்ணீர் குடிக்கவும் தடையானது. அதைத் தின்னும் கூன்வண்டை 1997இல் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. கழித்ததை எருக்குழியில் போடுங்கள், அல்லது தென்னை மரத்தடியில் கொட்டுங்கள்.