அம்பயரின் கை



2008 ஜூலையில் கொழும்பில் நடந்த இந்தியா - இலங்கை டெஸ்டில் டி.ஆர்.எஸ். முறையை முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தார்கள். அதே வருஷம் நம் மைதானத்தில் ஹாஸ்டல் மேட்ச் ஃபைனல். அடியேன்தான் அம்பயர்! கடைசி ஓவரில் என் ரூம்மேட்டின் பேடில் பந்து பட்டது. எல்.பி.டபிள்யூ. என்று விரலைத் தூக்கிவிட்டேன். "பேட்ல பட்டுச்சுடா" என்றான். நான் கேட்கவில்லை. அவன் அணி தோற்றது. ஒரு செமஸ்டர் முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.

அன்று மெஷின் இருந்திருந்தால் என்று பலமுறை நினைத்ததுண்டு. ஆனால் மெஷினும் எல்லாம் அறிந்ததல்ல. 1992-ல் டர்பனில் மூன்றாவது அம்பயர் டெண்டுல்கருக்கு ரன் அவுட் கொடுத்தாரே, அது நடந்ததைப் படத்தில் பார்த்துச் சொன்னது. எல்.பி.டபிள்யூ. அப்படியில்லை. பேடில் பட்ட பந்து அதற்குப் பிறகு எங்கே போயிருக்கும் என்பதை யாரும் பார்க்கவில்லை; கேமராக்கள் பதிந்த பாதையை வைத்துக் கம்ப்யூட்டர் கணிக்கிறது. அதனால்தான் 'அம்பயர்ஸ் கால்'. பந்து ஸ்டம்பின் ஓரத்தை மட்டும் உரசும் என்று கணிப்பு வந்தால், அம்பயர் முதலில் சொன்னதே நிற்கும். டீவி முன்னால் உட்கார்ந்து நாம் இதைத் திட்டுகிறோம். ஆனால் எந்த அளவுக்கும் பிழை எல்லை உண்டு என்றுதானே இங்கே லேபில் படித்தோம்?

மனிதனின் அவசரத்துக்கும் மெஷினில் மருந்து கிடையாது. 2019-ல் ஹெடிங்லியில் இங்கிலாந்துக்கு இன்னும் 2 ரன் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு ஒரே விக்கெட். ஸ்டோக்ஸ் பேடில் பந்து பட்டது. அம்பயர் நாட் அவுட் என்றார். பந்து ஸ்டம்பில் படும் என்றது கம்ப்யூட்டர். ஆனால் கேட்க ரிவ்யூ இல்லை! சற்று முன்புதான் கடைசி ரிவ்யூவை வீணாக்கியிருந்தார்கள். மேட்ச் போயிற்று.

டி.ஆர்.எஸ்.ஸில் எனக்குப் பிடித்தது கம்ப்யூட்டர் அல்ல. தீர்ப்பு தவறென்று தெரிந்ததும், ஆயிரமாயிரம் பேர் பார்க்க, அம்பயர் இரு கைகளையும் குறுக்காக மடித்துத் தோள்களைத் தொட்டுக் காட்டுகிறாரே, அதுதான். தம்பிகளே, நாளை நீங்களும் டிராயிங்கில் கையெழுத்துப் போடுவீர்கள். தவறென்று தெரிந்தால் திருத்தக் கூசாதீர்கள்.

அந்த ரூம்மேட் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். டேய், இதோ பார், தோளைத் தொட்டுவிட்டேன். நீ நாட் அவுட்!