கணக்குக் கேட்கும் சன்னல்



‘பாலினமும் தன்னடையாளமும்’ என்ற நம் கருத்தரங்கின் தலைப்பைப் பார்த்ததும் நம்மில் பலருக்கு வீடுதான் நினைவுக்கு வரும். பெண்பிள்ளைக்கு ஒரு வளர்ப்பு, ஆண்பிள்ளைக்கு ஒரு வளர்ப்பு. டால்காட் பார்சன்ஸ் காலந்தொட்டுச் சமூகவியல் இதை நிறையவே பேசிவிட்டது. வளர்ப்போடு அடையாளமும் முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் அந்தப் பேச்சில் ஒளிந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சமூகவியலாளர் ஹரால்ட் கார்ஃபிங்கெல் 1967இல் வெளியிட்ட நூலில் ஆக்னஸ் என்ற மாற்றுப்பெயரில் ஓர் இளம்பெண் வருகிறார். பிறப்பில் ஆண் என்று பதிவானவர். பிறர் தம்மைப் பெண்ணென்று ஐயமின்றி ஏற்பதற்கு அவர் எத்தனை விழிப்போடு இருக்க வேண்டியிருந்தது என்பதை அந்த ஆய்வு விரித்துச் சொல்கிறது. 1987இல் கேண்டஸ் வெஸ்டும் டான் சிம்மர்மனும் இதை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். பாலினம் நாம் ஓயாமல் செய்துகொண்டிருக்கும் வேலை, அதற்குப் பிறர் கணக்குக் கேட்டபடியே இருக்கிறார்கள் என்றார்கள்.

யார் கேட்கிறார்கள்? மாமியார், பக்கத்து வீட்டார் என்று சொல்லிவிடலாம். நான் அலுவலகச் சன்னலையும் சேர்க்க விரும்புகிறேன். நம் கிரயப் பத்திரங்களில் ஆண் கடைசிவரை த/பெ. பெண்ணோ திருமணமானதும் க/பெ ஆகிவிடுகிறாள். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், மற்றோர் ஆவணத்தில் கணவரின் இனிஷியல். இருவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டு அலைவது யார் என்று எந்த நோட்டரியைக் கேட்டாலும் சொல்வார்.

எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மைனர் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தந்தையின் கையெழுத்து கேட்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. தந்தை உயிரோடிருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. அதுவும் தந்தை பொறுப்பில் இல்லாத நிலையில்தான்!

இதே அலுவலகத் தாள் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், குடும்ப அட்டைக்கு வீட்டின் மூத்த பெண்ணைத் தலைவராக்கியது. அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருந்தால் போதும். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கிய அந்தத் தொகை குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. ‘உதவி’ என்று சொல்லாமல் ‘உரிமை’ என்று பெயர் வைத்ததை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஆனால் தலைவி என்று பதிவான பிறகு வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது? அடுப்படிப் பொறுப்பு அவள் தலையில் இன்னும் இறுகிவிடவில்லையா? இதைக் களத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இதுவரை பெண்களைப் பற்றியே பேசினேன்; நம் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலிலும் ஆண்களைப் பற்றி ஒரு கட்டுரைகூட இல்லை. அலுவலகச் சன்னலில் யாரும் கணக்குக் கேட்காததால் அவர்களுக்குப் பாலினமே இல்லை என்று நாமும் நினைத்துக்கொண்டோம் போலும்.

திருநர் சமூகத்திடம் கேட்கப்படும் கணக்குதான் மிகக் கடுமையானது. ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டு நால்சா தீர்ப்பு. 2019இல் திருநருக்கென வந்த சட்டமோ அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கச் சொன்னது. தன்னைத் தானே அறிவதற்கும் ஒரு கையொப்பம் தேவைப்பட்டது.

ஆய்வாளர்களான நாமும் படிவத்தோடுதான் போகிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் தவிர்த்த ‘மற்றவர்’ பிரிவில் பதிவானவர்கள் சுமார் 4.88 லட்சம் பேர். கணக்கெடுப்பாளருக்கு விவரம் சொல்வது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் ஒருவர். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளையைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார்? அட்டவணையோடு வந்திருப்பவர்கள், பாலினம் என்ற கட்டத்தை யாரைக் கேட்டு நிரப்பினீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கட்டுரையைத் தொடங்குங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.