உரைகல்லும் கூலிக் கணக்கும்



கோலார் தங்கவயலில் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் எனப் பெருஞ்சுரங்கங்கள் நான்கு இருந்தன. வடஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்த நம்மவர் பல தலைமுறை அவற்றில் உழைத்தனர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கத்தொழில் நின்றுபோயிற்று. இன்று அவர்தம் பேரர்கள் மாரிக்குப்பத்தில் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். கணினிக்கு நிரல் எழுதுவோரும் அவர்களுள் உளர். அத்தொழிலின் ஒரு வழக்கத்தைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறோம்.

பொன்னின் மாற்றைக் காணும் முறையை நாம் அறிவோம். மாற்று இன்னதென்று தெரிந்த ஆணியை உரைகல்லில் உரைத்து, அருகே ஐயத்துக்குரிய பொன்னையும் உரைத்து, இரு கீற்றுகளையும் ஒப்பிடுவர். ஓர் ஆணி போதாது; மாற்றுக்கொன்றாகப் பல ஆணிகள் வேண்டும்.

1995இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலும் இத்தகைய சோதனை உண்டு. ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைத் திருப்பித்தரும் சிறு கணக்குப் பகுதியை ஃபங்ஷன் என்பர். ‘இதைக் கொடுத்தால் இது வரவேண்டும்’ என்று வரிவரியாக அட்டவணை ஒன்றை எழுதிவைப்பர். சோதனைக் கருவி ஒவ்வொரு வரியாக எடுத்து ஃபங்ஷனை இயக்கி, வந்த விடையையும் வரவேண்டிய விடையையும் ஒப்பிடும். ஜெஸ்ட் என்னும் கருவியில் 2018 முதல் இவ்வசதி இருக்கிறது. ஒரு வரி தவறினாலும் மற்ற வரிகள் சோதிக்கப்படும். தவறியது எவ்வரி என்பதும் தெரியும்.

ஒரு வரி மட்டும் போதாதா என்று கேட்கலாம். ரூபாயை நூறால் பெருக்கி, பின்னத்தை வெட்டிவிட்டுப் பைசாவாக்கும் ஃபங்ஷன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 4.25 கொடுத்தால் 425 வரும், சரியே. 4.35 கொடுத்தாலோ 434தான் வரும்! கணினி இரண்டடி எண்களில் கணக்கிடுவதால் 4.35 அதனுள் முழுமையாக அடங்குவதில்லை. பெருக்கினால் 435க்கு இம்மி குறைவாக நிற்கிறது. வெட்டினால் ஒரு பைசா போய்விடுகிறது. வெட்டாமல் அருகிலுள்ள முழுஎண்ணுக்குத் திருத்தினால் 435 கிடைக்கும். முதல் வரியோடு நின்றிருந்தால் இப்பிழை புலப்பட்டிராது.

இதனினும் கொடியது வேறொன்று. வேலைநேரம் குறிக்கப்படாத வெற்றுக் கட்டத்தை எண்ணாக மாற்றச் சொன்னால், இம்மொழி அதைப் பூஜ்யம் என்று கொள்ளும். எழுத மறந்த ஷிப்டும் வேலைக்கு வராத ஷிப்டும் ஒன்றாகுமா? கூலிநாளில் வரிசையில் நின்றவர்களைக் கேட்டால் தெரியும்! ‘கட்டம் வெறுமையானால் கணக்கிடாதே, நிறுத்திக் கேள்’ என்ற வரியும் அட்டவணையில் இருந்தாக வேண்டும்.

சிலர் நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி, ஃபங்ஷன் தந்த விடையையே எடுத்து ‘வரவேண்டிய விடை’ என்று எழுதிவிடுகின்றனர். சோதிக்க வந்த பொன்னிலேயே ஆணி செய்துகொண்டால் உரைத்துப் பார்ப்பானேன்? விடையைத் தாளில் தனியே போட்டுப் பார்த்தே எழுதவேண்டும்.

அவ்விடையைச் சொல்ல நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதே இம்முறையில் நமக்கு மிகவும் பிடித்தது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளிக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியாது. ஆனால், இரட்டை ஷிப்டு பார்த்தவர், அரைநாள் விடுப்பெடுத்தவர், மாத நடுவில் சேர்ந்தவர் ஆகியோருக்கு என்ன சேரவேண்டும் என்பதை அவர் விரல்விட்டுச் சொல்வார். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாய் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.