தொப்பியைக் கழற்றிய ராஜா

(மாணவர் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இலக்கியத்தில் பைத்தியம் என்ற தலைப்பில் பேசச் சொன்னாங்க. நான் விமர்சகன் இல்லை. கவிதை எழுதறவன், வயித்துப்பாட்டுக்கு வங்கியில் குமாஸ்தா. அதனால் இன்னொரு குமாஸ்தாவைப் பற்றியே பேசுகிறேன். நிகோலாய் கோகோல் 1835இல் வெளியிட்ட 'ஒரு பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' கதையில் வரும் பொப்ரிஷ்சின். கோகோலும் பீட்டர்ஸ்பர்க் அரசு அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்து வேலை பார்த்தவர்தான்.

பொப்ரிஷ்சினுக்கு வயசு நாற்பது தாண்டிவிட்டது. துறை இயக்குநரின் அறையில் உட்கார்ந்து அவருக்கு இறகுப் பேனா சீவித் தருகிறான். அவர் மகள் மேல் ஆசை. அவள் வளர்க்கும் நாய் இன்னொரு நாயோடு பேசுவது இவன் காதில் விழுகிறது. நாய்களின் கடிதங்களைத் தேடி எடுத்துவந்து படிக்கிறான். அதில் என்ன இருக்கு? இவனைப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. இவன் தலைமுடி வைக்கோல் மாதிரி. அவள் அப்பா இவனை வேலைக்காரனாகத்தான் நடத்துகிறார். கவனிங்க, தோழர்களே: நாய் எழுதியது என்பது பிரமை. எழுதியிருப்பது நிஜம். தானே ஒப்புக்கொள்ள முடியாத அவமானத்தை மனசு நாயின் வாயால் சொல்ல வைக்கிறது.

இந்த அவமானம் எங்கிருந்து வந்தது? 1722இல் முதலாம் பீட்டர் ரஷ்யாவில் ஒரு பதவி அட்டவணை போட்டார். அரசுப் பணியில் 14 படிகள். நம்ம ஆள் ஒன்பதாவது படி. 1809இல் வந்த ஆணைப்படி, எட்டாவது படிக்கு ஏறப் பல்கலைக்கழகச் சான்று வேண்டும், இல்லையென்றால் பரீட்சை எழுத வேண்டும். 1834 வரை இதுதான் விதி. ஒன்பதிலேயே ஆயுளை முடித்தவர்கள் ஏராளம். பண்ணையடிமைகளுக்கோ இந்த ஏணியில் படியே கிடையாது. அவர்களுக்கு விடுதலைச் சட்டம் 1861இல்தான் வந்தது. இதுவும் சாதியும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அங்கே பதவி உயர்வு உண்டு. சாதியில் ஏது பதவி உயர்வு? ஆனால் மேலே பார்த்துக் கும்பிடு, கீழே பார்த்து அதட்டு என்கிற புத்தி ஏணி போட்ட இடமெல்லாம் வரும்.

அந்தப் பெண்ணுக்கு அரண்மனைப் பதவிக்காரன் ஒருவனோடு கல்யாணம் என்று தெரிகிறது. அப்போது ஒரு கேள்வி கேட்கிறான். அவன் மூக்கும் என் மூக்கு மாதிரிதானே, பிறகு இந்த வித்தியாசமெல்லாம் எதனால்? நாட்குறிப்பு முழுவதிலும் தெளிவான கேள்வி இதுதான். அடுத்த நிமிஷமே சறுக்குகிறான். ஏணியைப் போட்டது யார் என்று கேட்காமல், எனக்கே தெரியாமல் நான் மேல்படிக்காரனாக இருக்கலாமே என்று யோசிக்கிறான். அந்தச் சமயம் ஸ்பெயினில் அரியணை காலி என்று பத்திரிகையில் செய்தி. 1833இல் ஏழாம் பெர்டினாந்து செத்து வாரிசுச் சண்டை நடந்த காலம் அது. முடிஞ்சது. இவன் எட்டாம் பெர்டினாந்து! தேதியும் தறிகெட்டுப் போகிறது: 2000ஆம் ஆண்டு, ஏப்ரல் 43.

பைத்தியம்தான் பெரிய கலகம் என்று நம்ம நண்பர்கள் சிலர் எழுதறாங்க. எனக்கு உடன்பாடில்லை. ராஜாவானதும் இவன் செய்ததைப் பாருங்க. வீட்டு வேலை செய்யும் மாவ்ராவிடம் சொல்கிறான். அவள் பயந்து நடுங்குகிறாள். என் பூட்ஸை நீ சரியாகத் துடைக்காததை மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று கருணை காட்டுகிறான். அலுவலகத்தில் இயக்குநர் வரும்போது எழுந்திருக்கவில்லை. அவர் கையெழுத்துப் போடும் இடத்தில் தன் ராஜப் பெயரைப் போடுகிறான். படித்தபோது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதை ராஜாவாகித்தான் செய்ய முடிந்தது. குமாஸ்தாவாகச் செய்ய முடியவில்லை. தெருவில் ஜார் மன்னர் போகிறார். ஊரே தொப்பியைக் கழற்றுகிறது. இந்த ராஜாவும் கழற்றுகிறான்! புத்தி போச்சு, ஏணி போகல.

பிறகு அவனை மனநோய் விடுதிக்குக் கொண்டுபோகிறார்கள். அதை ஸ்பெயின் என்று நினைக்கிறான். மொட்டையடித்து, தலையில் பச்சைத்தண்ணீர் ஊற்றி, தடியால் அடிக்கிறார்கள். வைத்தியம் என்ற பேரில் தண்டனை. கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டுக் கதறுகிறான். அந்த இடத்தில் மட்டும் அவன் ராஜாவும் இல்லை, ஒன்பதாம் படியும் இல்லை.

முதல் தடவை படித்தபோது பொப்ரிஷ்சின் நான்தான் என்று அழுதேன். அதற்குப் பிறகு ஒரு நாள், கிளையைப் பெருக்க வரும் அம்மா என் மேசையில் இருந்த வவுச்சர் கட்டை நகர்த்திட்டாங்க. "உனக்கென்ன தெரியும், தொடாதே"ன்னு கத்திட்டேன். தொடாதே! எங்க அம்மா எத்தனை வாசலில் கேட்ட வார்த்தை. அன்னிக்கு ராத்திரி மாவ்ரா வரும் இடங்களை மட்டும் திரும்பப் படித்தேன். அவள் பேசுவது கொஞ்சம்தான். அவளைப் பற்றி எழுதுவதும் அவன்தான்.

இந்தக் கதையை மாவ்ரா பக்கமிருந்து உங்களில் யாராவது எழுதினால், கேட்க முதல் ஆளா வருவேன்.