பிடியும் பெயரும்



மல்யுத்தத்தில் ‘முழு நெல்சன்’ என்றொரு பிடி உண்டு. எதிராளியின் பின்னால் நின்று, அவருடைய இரண்டு அக்குள்களின் கீழும் கைகளை நுழைத்து, பிடரியில் கோத்து அழுத்துவார்கள். ஒரு கையால் மட்டும் செய்தால் ‘அரை நெல்சன்’. நெல்சன் என்பது மனிதப் பெயர். அதிலிருந்தே பிடிக்குப் பெயர் வந்ததாக ஆங்கில அகராதிகள் கருதுகின்றன.

திருவிவிலியத்தில் இது தலைகீழாக நடக்கிறது. அங்கே ஒரு பிடியின் பெயர் மனிதனுக்கு வருகிறது. ஈசாக்கு, ரெபேக்கா பெற்ற இரட்டையருள் இளையவர், அண்ணன் ஏசாவின் குதிங்காலைப் பற்றிக்கொண்டே பிறந்தார். எபிரேயத்தில் குதிங்காலுக்கு ‘அக்கேபு’ என்பார்கள். அதையொட்டி அவருக்கு யாக்கோபு என்று பெயராயிற்று. ‘காலை வாரிவிட்டான்’ என்று நாமும் சொல்வோமே, அந்தப் பொருளும் பெயரில் ஒட்டிக்கொண்டது. கூழைக் கொடுத்து அண்ணனின் தலைமகன் உரிமையை வாங்கினார். பார்வை மங்கிய தந்தை யாரென்று கேட்டபோது, தன்னை ஏசா என்று சொல்லி ஆசியையும் பெற்றார்.

20 ஆண்டுகள் கழிந்தன. ஏசா 400 ஆள்களோடு எதிரே வருகிறார். அந்த இரவு, யாபோக்கு ஆற்றருகே தனித்திருந்த யாக்கோபோடு ஒருவர் விடியும்வரை மற்போரிடுகிறார். தொடைச்சந்து விலகியும் யாக்கோபு பிடியை விடவில்லை. ஆசி வேண்டும் என்கிறார். அவரோ பெயரைக் கேட்கிறார்.

தந்தையிடம் பொய் சொன்ன அதே வாய் இப்போது உண்மை சொல்கிறது: யாக்கோபு. அதாவது, அண்ணன் காலை வாரியவன் நான்தான். அப்படி ஒப்புக்கொண்ட பிறகே ‘இஸ்ரயேல்’ என்னும் புதிய பெயரும் ஆசியும் கிடைக்கின்றன.

விடிந்ததும் நொண்டிக்கொண்டே போகிறார். ஏசா ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறார், இருவரும் அழுகிறார்கள். குதிங்காலில் தொடங்கிய பிடி, தழுவலில் முடிகிறது.

அன்பர்களே, பாகப்பிரிவினையில் ஒரு சென்ட் நிலத்துக்காகப் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகள் நம் குடும்பங்களிலும் உண்டு. ஒரே கோவிலில் திருப்பலி காண்கிறோம். சமாதானம் பகிரும் நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அவர் செய்த தவறு நமக்கு மனப்பாடம். இன்றிரவு செபிக்கும்போது ஆண்டவர் நம் அண்ணனின் பெயரைக் கேட்கமாட்டார். நம் பெயரைத்தான் கேட்பார். உண்மையைச் சொல்வோம். நாளைக் காலை, நொண்டியாவது அந்த வீட்டுப் படியேறுவோம்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.