பார்த்திருப்பது பொறுமையாகுமா?

(தசலட்சணப் பருவத்தின் முதல் நாளில், உத்தம க்ஷமா தருமம் குறித்து நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்து அறங்களுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது உத்தம க்ஷமை, அதாவது மேலான பொறுமை. இந்நாளில் வழக்கமாகச் சொல்லப்படுவது சினம் காத்தலின் சிறப்பு. தனக்குத் தீங்கு செய்தவனை வெறாதிருத்தல், பழிக்குப் பழி எண்ணாதிருத்தல் ஆகியவை சாவகர் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த பாடங்கள். ஆனால் தீங்கு தனக்கு வராமல், கண்ணெதிரே இன்னொருவனுக்கு வரும்போது பொறுமை என்பதன் பொருள் என்ன? தாமிரபரணிக் கரையில் கடந்த சில ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் நிகழ்ச்சிகள் இந்த வினாவை அறநெறியாளர் அனைவர் முன்னும் வைக்கின்றன.

மாலை நான்கரை மணி. பள்ளிகள் விட்டுவிட்டன. பாளையங்கோட்டையிலிருந்து சிற்றூருக்குப் புறப்படும் ஒரு பேருந்து. படிக்கட்டில் ஏழெட்டு மாணவர்கள் தொங்குகிறார்கள்; நடத்துநர் உள்ளே வரச் சொன்னால் அவரையே கேலி செய்கிறார்கள். பின்னிருக்கையில் நால்வர், தனியே நிற்கும் ஒரு சிறுவனின் பையைப் பறித்துக் கைமாற்றி விளையாடுகிறார்கள். அவன் ஊரைச் சொல்லி ஒரு சொல். அவன் தந்தையின் தொழிலைச் சொல்லி ஒரு சொல். பின்னர் தலையில் ஒரு தட்டு. பேருந்தில் ஐம்பது பேர் இருக்கிறார்கள். முதியவர் சன்னல் வழியே வயலைப் பார்க்கிறார். அலுவலகம் முடிந்து வரும் பெண்மணி கைபேசியைப் பார்க்கிறார். சிறுவனும் சிரிக்க முயல்கிறான். அவன் சிரிப்பதால், ‘பையன்கள் விளையாடுகிறார்கள்’ என்று ஐம்பது பேரும் தம் மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

நெல்லைச் சீமையில் ‘ஏல’ என்னும் விளி அன்பாகவும் வரும், வசையாகவும் வரும். எது எப்படி வருகிறது என்பது கேட்பவர் எல்லோருக்கும் தெரியும். ஆதலால் தெரியவில்லை என்று அந்த ஐம்பது பேரில் ஒருவரும் சொல்ல இயலாது.

இவ்வகைச் சேட்டைகள் எங்கே போய் முடிகின்றன என்பதற்கு இந்த மாவட்டங்களே சாட்சி. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றில், கையில் கட்டும் வண்ணக் கயிற்றை முன்னிட்டு எழுந்த சண்டையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் உயிரிழந்தான். 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, நாங்குநேரியில், பட்டியலின மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே உடன் பயின்ற மாணவர்களால் அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த அவன் தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்கு முன் பல நாட்கள் அவன் ஏவல் வேலைக்கும் இழிசொல்லுக்கும் ஆளாகி, பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் வழிமறிக்கப்பட்டு, கீழே இழுக்கப்பட்டு, கைவிரல்கள் துண்டாகும்படி வெட்டப்பட்டான். அடுத்த மாதமே பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவன் வகுப்புத் தோழனே வகுப்பறையில் வெட்டினான். இடையே சென்று தடுத்த ஆசிரியையின் கையிலும் வெட்டு விழுந்தது.

நாங்குநேரி நிகழ்ச்சிக்குப் பின் தமிழக அரசு நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழுவை அமைத்தது. அக்குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாள நீக்கம், வகுப்பில் அகர வரிசைப்படி இருக்கை முதலிய பல பரிந்துரைகள் அதில் உள. அவை அரசும் பள்ளியும் செய்ய வேண்டுவன. பள்ளி வாயிலுக்கும் வீட்டு வாயிலுக்கும் இடையே உள்ள பேருந்தும் நிறுத்தமும் கடைத்தெருவும் யார் பொறுப்பு? அங்கே இருப்பவர் பொதுமக்கள் மட்டுமே.

அவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை? அச்சம் ஒரு காரணம். ‘எந்தச் சாதிப் பையனோ, எதற்கு வம்பு’ என்னும் எண்ணம் இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தை 1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர் ஆய்ந்து காட்டினர். வேறோர் அறையில் ஒருவர் வலிப்பு வந்து துன்புறுவதுபோன்ற குரலைக் கேட்கச் செய்தனர். தான் ஒருவனே கேட்கிறேன் என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அக்குரல் ஓயும் முன்னரே உதவிக்கு எழுந்தனர். தன்னோடு இன்னும் நால்வர் கேட்கின்றனர் என்று நம்பியவர்களிலோ 31 விழுக்காட்டினரே எழுந்தனர். கல்நெஞ்சம் அதற்குக் காரணமன்று. வேறு யாரேனும் எழுவார்கள் என்ற எண்ணமே காரணம். கூட்டம் பெருகப் பெருகத் தனிமனிதனின் கடமையுணர்ச்சி பங்கு போடப்பட்டுக் குறைந்துவிடுகிறது. ஐம்பது பேர் உள்ள பேருந்தில் அச்சிறுவன் தனியனாக நிற்பதன் காரணம் இதுவே.

அருகன் அறம் இந்தப் பங்கீட்டை ஒப்புக்கொள்வதில்லை. வினை மூன்று வழிகளில் உயிரைப் பற்றுகிறது என்பது ஆகமம்: தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். கொல்லாமை நோன்பு ஏற்ற இல்லறத்தார் முதலிரண்டில் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். மூன்றாவது எளிதில் மறந்துபோகிறது. அஞ்சி நடுங்கி வாய் அடைத்துப்போனவரை உடன்பட்டவர் என்று சொல்லலாகாது. ஆனால் பேச முடிந்தும் பேசாமல், ‘நமக்கென்ன’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்பவரின் மௌனம், அடிப்பவனுக்குச் சம்மதமாகவே போய்ச் சேருகிறது. அடிபடுபவனுக்கும் அது அப்படியே விளங்குகிறது. அந்த மௌனத்துக்குப் பொறுமை என்று பெயர் சூட்டுவது அறத்தின் பெயரால் செய்யும் பிழை.

இதற்குச் சான்று பார்சுவநாதர் வரலாற்றிலேயே உண்டு. இளவரசராக இருந்த நாளில் அவர் ஒரு தாபதனைக் கண்டார். ஊரார் வியந்து நோக்க, அவன் தீ வளர்த்து அருந்தவம் செய்துகொண்டிருந்தான். தீக்கு இடவிருந்த மரத்துண்டுக்குள் இரு பாம்புகள் இருப்பதைப் பார்சுவர் உணர்ந்தார். தாபதன் முதியவன், சினம் மிக்கவன், கூட்டமோ அவன் பக்கம். எனினும் பார்சுவர் வாளாவிருக்கவில்லை. உள்ளே உயிர் இருக்கிறது, வேண்டாம் என்று அனைவர் முன்னும் சொன்னார். தாபதன் கேட்கவில்லை. சாகும் தறுவாயில் இருந்த அப்பாம்புகளுக்கு அவர் அறம் உரைத்தார். அவையே தரணேந்திரனாகவும் பத்மாவதியாகவும் பிறந்தன.

பின்னர் அவர் துறவு பூண்டு தியானத்தில் நின்றபோது, பல பிறவிகளாகப் பகை தொடர்ந்த கமடன் மழையும் காற்றும் பாறையுமாக அவரைத் தாக்கினான். அப்போது அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இவ்விரு காட்சிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாம்புகளுக்கு ஆபத்து என்றபோது பேசியவர், தமக்கு ஆபத்து வந்தபோது பொறுத்தார். பொறுமை தன் துன்பத்தின்பால் காட்டப்படுவது. பிறர் துன்பத்தின்பால் காட்டப்பட வேண்டியது பரிவும் துணிவும்.

தாமிரபரணிக்கு வடக்கே கழுகுமலையில் இக்காட்சி பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள அவ்வூர் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டையொட்டி, அது பெரியதொரு சமணக் கல்வி நிலையமாக விளங்கியது. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் குரவர்களையும் குரத்தியர்களையும் மாணாக்கர்களையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. பல ஊர்களிலிருந்து வந்த மாணாக்கர்கள் ஒன்றாகத் தங்கிப் பயின்ற மலை அது. அங்கே பார்சுவநாதருக்கு மேலே குடையாக நிற்கிறான் தரணேந்திரன். அவன் செய்தது காத்தல் மட்டுமே. கமடனைக் கடிக்கவில்லை, துரத்தவில்லை. படம் விரித்துத் தாக்குதலுக்கும் தாக்கப்படுபவருக்கும் இடையே நின்றான். பொதுவிடத்தில் இல்லறத்தார் செய்யத்தக்கதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் வேண்டுவதில்லை.

அந்தப் பேருந்துக்கு இனித் திரும்பலாம். தரணேந்திரனைப் போல இடையே நிற்பது எவ்வாறு?

முதலாவது, துன்புறும் சிறுவனிடம் பேச வேண்டும். அடிப்பவனிடம் முதலில் பேசினால் அது அவனுக்கும் பேசுபவருக்கும் இடையிலான போட்டியாகிவிடும். நண்பர்கள் பார்க்கத் தோற்கப் பதினாறு வயது இசையாது. ‘தம்பி, இங்கே வா, இப்படி உட்கார். எந்த ஊர் இறங்க வேண்டும்?’ என்ற ஒரு சொல் போதும். அவன் தனியன் அல்லன் என்பது நான்கு பேருக்கும் அக்கணமே தெரிந்துவிடும்.

இரண்டாவது, பக்கத்திலிருப்பவரைச் சுட்டி அழைக்க வேண்டும். ‘யாராவது கேளுங்களேன்’ என்றால் யாரும் எழார். ‘அண்ணாச்சி, நீங்கள் கொஞ்சம் இந்தப் பக்கம் வாருங்கள், நடத்துநர் ஐயா, இதைப் பாருங்கள்’ என்றால் எழுவார்கள். ஒருவர் எழுந்தபின் மற்றவர் எழுவது எளிது.

மூன்றாவது, அடிப்பவனிடம் பேச நேர்ந்தால் தாழ்ந்த குரலில், கூட்டமாக அன்றி ஒருவனிடம், அவன் செயலை மட்டும் குறித்துப் பேச வேண்டும். அவன் பள்ளியையோ தெருவையோ குலத்தையோ இழுத்துப் பேசுபவர் தாமும் அதே வன்சொல்லைப் பேசியவராகிறார். இப்பகுதிப் பெரியவர்கள் பேரனையும் ‘ஐயா’ என்று அழைக்கும் வழக்கமுடையவர்கள். ‘ஐயா, அந்தப் பையை அவனிடம் கொடுத்துவிடு’ என்பதில் கட்டளையும் உண்டு, மதிப்பும் உண்டு. அதைக் கைபேசியில் படம் பிடித்துப் பரப்புவது எவர்க்கும் நன்மை தராது. துன்புற்றவனின் அவமானம் ஊர்தோறும் போகும்.

நான்காவது, ஆயுதம் கண்ணில் பட்டால், அல்லது அடி கடுமையானால், தனியே மல்லுக்கு நிற்கலாகாது. ஓட்டுநரிடம் சொல்லி வண்டியைக் காவல் நிலையத்துக்கு விடச் செய்வது தமிழ்நாட்டில் பழகிய வழி. 112 என்ற எண்ணில் காவல்துறையையும், 1098-இல் குழந்தைகள் உதவி மையத்தையும், 14417-இல் பள்ளிக் கல்வித்துறையின் உதவி மையத்தையும் அழைக்கலாம். பெண்களிடம் தகாது நடக்கும் ஆண் பயணியை இறக்கிவிடவோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கவோ நடத்துநருக்குத் தமிழக மோட்டார் வாகன விதிகளின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. பொதுவிடங்களில் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராக 1998-இலேயே இம்மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். பிடித்து நிறுத்துவதும் காவலரிடம் ஒப்படைப்பதும் அகிம்சைக்கு மாறல்லவா? ஆகமம் இம்சையை நான்காகப் பகுக்கிறது. எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்பி இம்சையை இல்லறத்தார் முற்றிலும் விட வேண்டும். வீட்டுப் பணியிலும் தொழிலிலும் நேர்வனவற்றைக் குறைக்க வேண்டும். தன்னையும் பிறரையும் காக்கும்போது தவிர்க்கவியலாது நேரும் விரோதி இம்சை இல்லறத்தாரின் அணுவிரதத்தைக் குலைப்பதில்லை. எல்லை ஒன்றுதான்: காத்து முடிந்ததும் கை நின்றுவிட வேண்டும். பிடிபட்ட சிறுவனைக் கூடி அடிக்கும் கூட்டம் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. அப்போது பாதுகாக்கப்பட வேண்டியவன் அவனே. பதினெட்டு வயது நிரம்பாதவரைத் திருத்துவதற்கென்றே 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் இளைஞர் நீதிக் குழுமமும் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்லாமல் விடலாகாது. பின்னிருக்கையில் பையைப் பறிக்கும் நால்வரில் ஒருவன் எந்த வீட்டிலிருந்தும் வரலாம். இறைச்சியும் தேனும் தீண்டாத, பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வீட்டிலிருந்தும் வரலாம். எறும்பை மிதிக்காமல் நடக்கக் கற்ற பிள்ளைக்கு, உடன் பயிலும் பிள்ளையைச் சொல்லால் மிதிக்கக் கூடாது என்பது தானே தெரிந்திருக்கும் என்று பெற்றோர் எண்ணிவிடலாகாது. வீட்டில் வேலையாளைப் பற்றியும் அயல் தெருவைப் பற்றியும் பெரியவர்கள் பேசும் பேச்சே பேருந்தில் பிள்ளையின் வாயிலிருந்து வருகிறது. நெல்லைக்குச் சொன்னது வந்தவாசிப் பேருந்துக்கும் திண்டிவனப் பேருந்துக்கும் பொருந்தும்.

நாங்குநேரி மாணவன் படிப்பைக் கைவிடவில்லை. 2024-இல் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேர்ச்சி பெற்றான். அவனைக் காக்க முதலில் கை நீட்டியது அவன் தங்கை. பாளையங்கோட்டையில் கை நீட்டியது ஓர் ஆசிரியை. அரிவாள் உயர்ந்தபின் இடையே நிற்க அவ்வளவு பெரிய துணிவு வேண்டியிருந்தது. பை பறிக்கப்படும்போதே, முதல் இழிசொல் விழும்போதே இடையே நிற்க அத்துணைத் துணிவு வேண்டுவதில்லை. ஓர் இருக்கையும் ஓர் அன்புச் சொல்லும் போதும். பெரியவர்கள் அந்த எளிய வேளையில் பேசத் தவறினால், பிறகு சிறுவர்களும் சிறுமியரும் அரிய வேளையில் கை நீட்ட நேருகிறது.

இப்பருவம் நிறைவுறும் நாளில், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்காக ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டுவது மரபு. அன்று உறவினரிடமும் நண்பரிடமும் கைகூப்பும்போது, என்றோ ஒரு பேருந்தில் பைக்காகக் கை நீட்டி நின்ற பெயர் தெரியாத சிறுவன் ஒருவனும் நினைவுக்கு வருவானாக. அவனிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. அடுத்த பேருந்தில் நிற்கும் சிறுவனுக்கு இருக்கையில் சற்று இடம் விடலாம்.

திருவறம் வளர்க!